நாலு வருது

சுண்டிக்குளத்து வெட்டையில் ஆவணியில் தண்ணீர் இல்லை.
உப்பு ஒரு தோல் போட்டுக் கிடக்கும்.
அதற்குக் கீழே சேறு.
ஓடுகிறவனுக்கு அது தெரியாது,
நின்றவனுக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு ரயர்களில் காற்றை இறக்கினோம்.
பதினெட்டு, என்றார் மரியநேசன்.
நம்பாமல்
நாலு வண்டியின் பதினாறு ரயரையும்
குனிந்து குனிந்து தானே அளந்தார்.
பிறகு வழமையான பேச்சு:
முன்வண்டியின் தடத்தில் போ.
இரு பக்கமும் சிவப்புத் தலைக் குற்றிகள்,
அவற்றுக்கு அப்பால் இன்னும் கிண்டாத நிலம்.
புதைந்தால் இறங்காதே.
முன்னால் போகிறவன் போவான், அவனை விடு.
பின்னால் வருகிறவனைப் பார்.
கண்ணாடியில் அவன் இல்லையென்றால்
நில்.
பாணுக்குள் சம்பலை மடித்தபடி
எல்லாரும் தலையாட்டினோம்.

நான் மூன்றாவது.
என் பின்பெட்டியில் எட்டுப் பெண்கள்,
மடியில் தலைக்கவசம், ஏதோ கலியாணக் கதை, சிரிப்பு.
எனக்குப் பின்னால் அம்புலன்ஸ்.
அதில் புவிராஜ்
வெறும் ஸ்ட்ரெச்சரோடு, தனியாக.

எட்டு மணிக்கே சோளகம் எழும்பிவிட்டது.
"மூண்டு, நாலு வருதோ?"
கண்ணாடியில் தூசி.
தூசி இருந்தால் வண்டியும் இருக்கும்தானே.
"ஓம், நாலு வருது."

திரும்பவும் கேட்டார்.
அந்தத் தூசி என்னுடையதாயும் இருக்கலாம்
என்றொரு நினைப்பு வந்தது.
வெயில் ஏறுமுன் வெட்டையைக் கடக்கவேணும்
என்ற நினைப்பு அதை முந்திப் போனது.
"நாலு வருது."

மூன்றாம் முறை கண்ணாடியைப் பார்க்கவேயில்லை.
வாய் தானாகச் சொன்னது.

வடலிகளுக்குக் கிட்டே, துப்புரவான நிலத்தில்,
முன்வண்டிகள் நின்றன. நானும் நின்றேன்.
தூசி மெல்ல அடங்கியது.
அடங்கிய இடத்தில் ஒன்றுமில்லை.

மரியநேசன் என்னைப் பார்க்கவில்லை.
"நாலு, கேக்குதோ? நாலு?"
இரைச்சல். திரும்பவும் இரைச்சல்.

பெண்களை இறக்கினேன். வெட்டைக்குள் திருப்ப இடமில்லை.
ஒன்றரைக் கிலோமீற்றர்,
பின்பக்கமாய், என் தடத்திலேயே.
கௌசிகா மட்டும் பின்பெட்டியில் நின்று தகரத்தில் தட்டினாள்:
ஒரு தட்டு இடம், இரண்டு வலம்,
மூன்று தட்டினால் நில்.
அவளுடைய கை தவிர
வேறெதையும் நான் நம்பவில்லை அப்போது,
என் கண்ணை முக்கியமாக.

மூன்று தட்டு.

மூன்று வண்டி உடைத்த தோலுக்குள்
நாலாவது இறங்கியிருந்தது அச்சுவரைக்கும்.
அன்ரெனாவில் அவனுடைய சேர்ட்.
அவன் இருக்கையில், பெனியனோடு.
கதவு திறந்த தடம்கூட இல்லை மணலில்.

"வோக்கி பழுதோ?"
"கதைக்க ஏலாது. பித்தானுக்குள்ள மண்.
ஆனா கேக்கும்."

ஆனா கேக்கும்.

மூன்று முறையும் கேட்டிருக்கிறான்
தான் வந்துகொண்டிருப்பதை.

"முதல்தரம் சிரிச்சனான்," என்றான்.
"ரெண்டாம்தரம் கொஞ்சம் நானும் நம்பிட்டன்.
அடுத்ததோட
தண்ணிப் போத்திலைத் தேடினன்."

தடத்துக்குள் மட்டும் கால் வைத்துக்
கயிற்றை மாட்டினேன்.
முதல் இழுவையில் வழுக்கிற்று, இரண்டாவதில் வந்தது.
மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன்.
என்ஜின் சத்தத்தில் அவனுக்கு விளங்கவில்லை,
அல்லது விளங்காதது போல இருந்தான்.

பின்னேரம் திரும்புகையில் காற்று விழுந்திருந்தது.
கண்ணாடியில் அவனுடைய வண்டி துலக்கமாய்,
ஒரு முன்விளக்கில் சேறு,
சேர்ட் இன்னும் அன்ரெனாவில்.

"மூண்டு, நாலு வருதோ?"

பிரேக்கை மிதித்தேன்.
கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினேன்.
முன்னால் இரண்டு வண்டிகளும்
ஒன்றன்பின் ஒன்றாய் நின்றன.

"பொறுங்கோ," என்றேன்.
"பாக்கிறன்."